1,92,000 ஓடிய அப்பாவின் சான்ட்ரோ: மகளுக்காக எழுப்பலாமா, எடைக்குப் போடலாமா?

திருப்பூர்_நூல் | 9 ஜூன் 2024

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஷெட்டில் ஒரு 2009 ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார் நிற்கிறது. அப்பா வாங்கியது. அவர் நூல் ஏஜென்ட், திருப்பூர், சோமனூர், ஈரோடு, பல்லடம் என்று வாரம் முழுக்கச் சுற்றுவார். மீட்டரில் 1,92,340. 2021இல் அவர் தவறிய பிறகு யாரும் எடுக்கவில்லை. எனக்கு கம்பெனி வண்டி இருக்கிறது. அம்மாவுக்கு விற்க மனசு வரவில்லை. போன மாதம் பழைய வண்டி வாங்குகிறவர் ஒருவர் வந்து, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "எடைக்குத்தாங்க போகும், பதினேழாயிரம் தர்றேன்" என்றார். அம்மா காபிகூடக் கொடுக்கவில்லை.

மகளுக்கு மார்ச்சில் 18 முடிந்தது. எல்எல்ஆர் எடுத்தாகிவிட்டது, டிரைவிங் ஸ்கூலும் போகிறாள். ஆகஸ்டில் கல்லூரி, வீட்டிலிருந்து 13 கிலோமீட்டர். "தாத்தா வண்டியை எனக்குக் கொடுங்க" என்கிறாள்.

நேற்று பானட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலிக்கூடு. எங்கள் ஊர் எலி இல்லையா, பனியன் கட்டிங் வேஸ்ட்டை இழுத்து வந்து மெத்தை போட்டிருக்கிறது. ரோஸ், மஞ்சள், நேவி ப்ளூ என்று ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டருக்கான கலர் எல்லாம் உள்ளே இருந்தது. மற்றபடி வெளியே பார்க்க மோசமில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் காவி நிறம். நாலு டயரும் தரையில் உட்கார்ந்துவிட்டன.

ஜம்பர் கேபிள் போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா?

பட்டறை_மணி | 9 ஜூன்

செல்ஃப் அடிக்காதீங்க. இதை முதலில் படிச்சிடுங்க.

மூன்று வருடம் நின்ற வண்டியில் அந்த "ஒரு தடவை" சாவியைத் திருப்புவதுதான் இன்ஜினைக் கொல்லும். இந்த 1.1 எப்சிலான் இன்ஜினில், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைப்பது டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை. செயின் கிடையாது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் காய்ந்து வெடிக்கும். பெல்ட் அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் ஹெட் வேலை, வால்வு, கேஸ்கெட் என்று உங்கள் பதினேழாயிரம் போல இரண்டு மடங்கு ஆகும். ஓட்டின வண்டி என்றாலே நான் 60,000க்கு மேல் பெல்ட்டை விடமாட்டேன். அப்பா கடைசியாக எப்போது மாற்றினார் என்று பில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

நான் செய்கிற வரிசை இது. பழைய பெட்ரோலை முழுசாக இறக்குங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். வருடக்கணக்கில் நின்றால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனைக்குப் பதில் வார்னிஷ் வாசனை அடித்தால் டேங்க்கையே இறக்கிக் கழுவ வேண்டியதுதான்.

பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முழுச் சுற்று தடங்கல் இல்லாமல் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எங்காவது பிடித்தால் பலம் காட்டாதீர்கள், நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

சுற்றினால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால், ஆறு மாதம் கழித்து அது ஒழுகும்போது அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். புது ஆயில், புது ஃபில்டர், புது பேட்டரி. பிளக் போடாமல் பத்து செகண்ட் செல்ஃப் அடித்து, ஆயில் லைட் அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.

ஹேண்ட் பிரேக் இழுத்தபடி நின்றதா? பின் டிரம்மில் ஷூ ஒட்டியிருக்கும். கியரில் போட்டு இழுக்காதீர்கள், டிரம்மைச் சுத்தியலால் சுற்றித் தட்டினால் விடும்.

சேலத்து_பைபாஸ் | 9 ஜூன்

மணி அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. இன்ஜினுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் கால் மேட்டைத் தூக்குங்கள். சான்ட்ரோவுக்கு எமன் துருதான். கதவுக்கு அடியில் ரன்னிங் போர்டு, பின் சக்கர ஆர்ச், ஓட்டுநர் காலடி. ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருந்தால் பக்கத்து சீட் காலடியும் ஊறியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நன்றாகக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பதினேழாயிரத்தை வாங்கிக்கொண்டு அம்மாவைச் சமாதானப்படுத்தும் வழியைப் பாருங்கள்.

திருப்பூர்_நூல் | 16 ஜூன்

ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபடியே செய்தோம். எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் இரண்டு சாயங்காலம் வந்தார், மகள் டார்ச் பிடித்தாள்.

துரு: ஓட்டுநர் பக்க ரன்னிங் போர்டில் பின்னால் ஒரு சாண் அளவுக்குப் பொத்தல். காலடித் தரை கெட்டி. டிங்கரிங் பட்டறையில் காட்டினேன், வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம் என்கிறார்கள்.

பெட்ரோல் டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. கேனில் பிடித்து வைத்தால் அடியில் ஒரு விரல் கட்டைக்குத் தனியாக ஒரு படலம். டேங்க்கை இறக்கச் சொல்லிவிட்டேன்.

கிராங்க் சுற்றியது. ஸ்பானர் பிடித்தது மகள்தான். முதலில் அசையவில்லை, அப்புறம் "பொளுக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. இரண்டு சுற்று சுற்றினாள், மூன்றாவதும் சுற்றினாள், போதும் என்று நான்தான் நிறுத்தினேன்.

டைமிங் கவரைக் கழற்றியதும் மெக்கானிக் அண்ணன் பெல்ட்டைப் பின்பக்கமாக மடித்துக் காட்டினார். பல்லுக்குப் பல் வெடிப்பு, கோடைக் குளத்து மண் மாதிரி. கிளவ் பாக்ஸில் அப்பா வைத்திருந்த பாக்கெட் நோட்டைப் பார்த்தேன். 1,21,600இல் பெல்ட் மாற்றியதாகப் பச்சை மையில் குறித்திருக்கிறார். அதாவது எழுபதாயிரம் ஓட்டமும் சேர்த்து மூன்று வருட ஓய்வும். அன்றைக்கு ஜம்பர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை, மணி அண்ணனுக்கு நன்றி.

பட்டறை_மணி | 16 ஜூன்

அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆர்சி புக்கை விட அதற்கு மதிப்பு அதிகம். ரேடியேட்டரில் காவி என்றீர்களே, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா பார்த்தீர்களா? நம் ஊரில் வண்டி சூடாகிறது என்று போனால் பாதிப் பேர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "சரி பண்ணிட்டேன்" என்பார்கள். அதன் பிறகு இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் இன்னும் குளிர்கிறது என்று நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும், மைலேஜ் போகும். புதுசு ஒன்று போடுங்கள். உள்ளே நன்றாகக் கழுவிவிட்டு கூலன்ட் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். கூலன்ட்டும் பச்சையாகத்தான் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள் :)

அம்பத்தூர்_அக்கா | 17 ஜூன்

எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சொல்லப்போவது யாருக்கும் பிடிக்காது.

இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. ஓட்டப்போவது நேற்று எல்எல்ஆர் எடுத்த பிள்ளை. 2014இல் கார் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டின் ஐந்து சின்ன கார்களை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்குமே பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம். அதில் ஐ10 ஒன்று. சான்ட்ரோ அதைவிட முந்தைய தலைமுறை உடம்பு, 1998இல் வந்தது. டைமிங் பெல்ட் புதுசு என்பதால் கதவுத் தூண் கெட்டியாகிவிடாது.

ஏப்ரல் 2019 முதல் எல்லாப் புது காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஜூலை 2019 முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை. அதற்குப் பிறகு வந்த வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுங்கள். தாத்தா ஞாபகத்துக்கு ஷெட்டில் சான்ட்ரோ நிற்கட்டும், ஞாயிற்றுக்கிழமை துடைக்கலாம்.

சேலத்து_பைபாஸ் | 17 ஜூன்

அக்கா, கணக்கு சரி. ஆனால் நம் ஊரில் 18 வயதுப் பிள்ளைக்கு சான்ட்ரோவுக்கு மாற்று 2019 கார் இல்லை. ஸ்கூட்டர். அதில் எங்கே ஏர்பேக் இருக்கிறது? மழையில், லாரிக்கு நடுவில் ஸ்கூட்டரில் போவதற்கு, தகரமாக இருந்தாலும் நாலு சக்கரம் மேல் இல்லையா?

அம்பத்தூர்_அக்கா | 17 ஜூன்

இல்லை. ஸ்கூட்டரில் ஒருத்தி தனியாக 40இல் கல்லூரிக்குப் போய் வருவாள். கார் கையில் இருந்தால் நாலு தோழிகள் ஏறுவார்கள், பாட்டு போடுவார்கள், "பைபாஸில் போய் டீ குடிச்சிட்டு வரலாமா" என்பார்கள். 90இல் லாரி திடீரென்று நின்றால் என்ன செய்வாள்? ஆபத்து வண்டியில் பாதி, வண்டி திறந்துவிடும் வழியில் பாதி. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் நான்தான். அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

திருப்பூர்_நூல் | 18 ஜூன்

அக்கா சொன்னது நெஞ்சில் இறங்கியது. நேற்று ராத்திரி இந்தப் பக்கத்தை அப்படியே மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அந்த அக்கா நம்ம வீட்டு ஜன்னல்ல நின்னு பார்த்த மாதிரி எழுதியிருக்காங்க" என்றாள்.

2019 வண்டி என்றால் மூன்றரை லட்சமாவது வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்டிய கையோடு அது முடியாது. அதனால் ஒரு ஒப்பந்தம். முதல் ஆறு மாதம் வீடு, கல்லூரி, டியூஷன் மூன்றும்தான். அவிநாசி பைபாஸ் பக்கம் போகவே கூடாது. கூட ஒரே ஒரு ஆள், அதுவும் பெல்ட் போட்டு. இருட்டிய பிறகு நான் அல்லது அவள் அம்மா கூட இருக்க வேண்டும். அடுத்த வருடம் கையில் கொஞ்சம் சேர்ந்தால் ஏர்பேக் வண்டிக்கு மாறுகிறோம். அவளே காகிதத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். கீழே பாட்டியின் கையெழுத்து, சாட்சியாம்.

அம்பத்தூர்_அக்கா | 18 ஜூன்

பாட்டி கையெழுத்து போட்ட பிறகு நான் என்ன சொல்வது. சரி, அப்படியானால் காசை எங்கே போடுவது என்று சொல்கிறேன். டயர், பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், ஹெட்லைட். இந்த ஐந்தும் முடிந்த பிறகுதான் ஏசி, பெயிண்ட், பாட்டுப் பெட்டி. பின் சீட் பெல்ட்டுகளையும் இழுத்துப் பாருங்கள், வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். 2009இலிருந்து யாரும் தொடாமல் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

தோட்டத்து_வீடு | 19 ஜூன்

நல்ல இழை. நடுவில் ஒரு கேள்வி. என் பையனுக்கு 16. எங்கள் தோட்டத்திலிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர், கிராமத்து ரோடு, போலீஸ் யாரும் கிடையாது. ஒரு பழைய மாருதி 800 வாங்கிக் கொடுத்து இப்போதே பழக்கினால் 18இல் கை சுத்தமாகிவிடும் அல்லவா?

கருப்பு_கோட்டு | 19 ஜூன்

தோட்டத்துக்குள் வேலிக்கு உள்ளே ஓட்டட்டும், கிளட்ச் பழகட்டும். கேட்டைத் தாண்டினால் வேண்டாம்.

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 16இல் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு உட்பட்ட கியரில்லாத வண்டிக்குத்தான், இப்போது கடையில் இருக்கும் 110 சிசி ஸ்கூட்டர்கூட அதில் வராது. போலீஸ் இல்லாத ரோட்டில் ஆடு, மாடு, சைக்கிளில் வரும் தாத்தா எல்லோரும் உண்டு. யார் மீதாவது பட்டால் நஷ்ட ஈடு உங்கள் தோட்டத்தில் வந்து நிற்கும்.

திருப்பூர்காரருக்கும் ஒன்று. ஆர்சி இன்னும் அப்பா பெயரிலா? அப்படியே ஓட்டாதீர்கள். இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு மாற்ற படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். இன்ஷூரன்ஸும் அதே பெயருக்கு வர வேண்டும். 2009 வண்டி என்றால் 15 வருடம் இந்த வருடமே முடிகிறது.

திருப்பூர்_நூல் | 19 ஜூன்

ஆமாம், செப்டம்பரோடு முடிகிறது. பெயர் மாற்றத்துக்கு அம்மாவும் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எஃப்சிக்கு எவ்வளவு ஆகும்?

கருப்பு_கோட்டு | 19 ஜூன்

படிவம் 25. காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 இருந்தது, ஏப்ரல் 2022 முதல் 5,000. அதன் மேல் பசுமை வரி. பாஸானால் ஐந்து வருடம். பொல்யூஷன் சர்டிஃபிகேட் உங்களுடையது போன்ற பிஎஸ்3 (பழைய புகைத் தரம்) வண்டிக்கு ஆறு மாதம்தான் செல்லும், காலண்டரில் குறித்து வையுங்கள். இன்ஷூரன்ஸில் ஒரு வயிற்றெரிச்சல்: மூன்றாம் நபர் காப்பீடு 1000 சிசி வரை 2,094, அதற்கு மேல் 1500 வரை 3,416. சான்ட்ரோ 1086. அந்த 86 சிசிக்காக அடுத்த படி. ஜிஎஸ்டி தனி.

திருப்பூர்_நூல் | 7 ஜூலை

வண்டி ஓடுகிறது!

முதல் ஸ்டார்ட் ஜூன் 27 சாயங்காலம். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்துவிட்டது. அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சத்தம் நிலைத்ததும் எழுந்து உள்ளே போய், அப்பா எப்போதும் டேஷ்போர்டில் வைத்திருந்த சின்னப் பிள்ளையாரைக் கொண்டு வந்து கொடுத்தார். பசை காய்ந்துபோய் ஆடிக்கொண்டு இருக்கிறார், இன்னும் ஒட்டவில்லை.

செலவைக் கேட்ட நண்பர்களுக்கு: பேட்டரி 4,100. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் கூலியோடு 5,800. தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலன்ட் 2,200. டேங்க் கழுவி, ஃபில்டர், பம்ப் வேலை 4,300. எலி கடித்த வயரிங் 1,800. முன் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், அலைன்மென்ட் சேர்த்து 6,900. டயர் நாலு, 155/70 ஆர்13, ஒன்று 3,550 வீதம் 14,200. பிரேக் 5,400. மொத்தம் 44,700. டிங்கரிங் இன்னும் பில் வரவில்லை.

பிரேக் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு கடையில் பின் வீல் சிலிண்டர் இரண்டும் வாங்கினேன். அட்டைப்பெட்டி, ஹாலோகிராம் எல்லாம் அசல் மாதிரியே. மூன்றாம் நாள் மெக்கானிக் அண்ணன் பெடலை அழுத்திவிட்டு முகம் மாறினார். பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. இடது பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்திருந்தது. கழற்றினால் உள்ளே ரப்பர் கப் ஒரு பக்கம் சீவிவிட்டது போல இருக்கிறது. அசல் என்று விற்ற டூப்ளிகேட். மகள் அன்று காலையில்தான் லேஅவுட்டில் ஓட்டிப் பழகியிருந்தாள். கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கோயம்புத்தூர் போய் கம்பெனி டீலரிடமே வாங்கினேன். நாற்பது ரூபாய்தான் வித்தியாசம்.

பட்டறை_மணி | 7 ஜூலை

பிரேக்கில் மட்டும் உக்கடம், புதுப்பேட்டை என்று பழைய ஸ்பேர் தேடிப் போகாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். கதவுக் கண்ணாடி, பம்பர், சீட், கைப்பிடி எல்லாம் அங்கே தங்கமாகக் கிடைக்கும், நானே வாங்குவேன். சிலிண்டர், ஹோஸ், பேட், டைமிங் பெல்ட் நான்கும் புதுசு, அதுவும் பில்லோடு. சான்ட்ரோ 2014 வரை நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, ஐ10 1.1க்கும் இதே குடும்பத்து இன்ஜின். ஸ்பேருக்குப் பஞ்சமே இல்லை, அப்புறம் எதற்கு ஏமாற வேண்டும்.

பிரேக் ஆயிலை முழுசாக மாற்றினீர்களா, மேலே மட்டும் ஊற்றினீர்களா?

திருப்பூர்_நூல் | 7 ஜூலை

முழுசாக. நாலு சக்கரத்திலும் பிளீட் செய்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றினோம். பழசு காபி மாதிரி வந்தது. பெடலை மிதித்தது மகள், கீழே படுத்துத் திறந்து மூடியது நான். "மிதி", "பிடி", "விடு" என்று கத்தியே தொண்டை போயிற்று.

சேலத்து_பைபாஸ் | 8 ஜூலை

புது டயர் என்று கடைக்காரர் கொடுத்ததன் பக்கவாட்டில் நாலு இலக்கம் பார்த்தீர்களா? முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1324 என்றால் இந்த வருடம் 13ஆவது வாரம். இந்த அளவு டயர் இப்போது குறைவாகத்தான் ஓடுகிறது, கடையில் மூன்று வருடம் தூங்கியதைத் தூசி தட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

திருப்பூர்_நூல் | 8 ஜூலை

நாலும் 0924. ஸ்டெப்னியில் 3109 என்று இருக்கிறது. வண்டி வந்த நாளிலிருந்து அப்படியே! பழைய நாலில் சுமாரானது ஒன்றை ஸ்டெப்னியாகப் போடலாமா?

சேலத்து_பைபாஸ் | 8 ஜூலை

பழைய நாலும் மூன்று வருடம் காற்றில்லாமல் தரையில் உட்கார்ந்தவை. வேண்டாம். ஐந்தாவதாக ஒன்று வாங்குங்கள். ஸ்டெப்னி மாற்றுகிற நாள் எப்போதும் மழையும் இருட்டுமாகத்தான் இருக்கும்.

அம்பத்தூர்_அக்கா | 8 ஜூலை

ஏபிஎஸ் இல்லாத பிரேக்கைப் பிள்ளைக்குக் காட்டினீர்களா? டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தரமாட்டார்கள், அவர்கள் வண்டி 30ஐத் தாண்டுவதே இல்லை.

திருப்பூர்_நூல் | 15 ஜூலை

அக்கா கேட்டதால் நேற்று ஞாயிறு காலை செய்தோம். எங்கள் பக்கத்தில் சைட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட், உள்ளே தார் ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது. முந்தின ராத்திரி நல்ல மழை, ரோடு ஈரம். எல் போர்டு மாட்டி, நான் பக்கத்தில்.

40இல் வரச் சொல்லி, "நாய்!" என்று கத்தினேன். அவள் மொத்த பலத்தோடு மிதித்தாள். சக்கரம் நாலும் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்திருக்கிறாள், வண்டி காதில் வாங்காமல் நேராகவே வழுக்கிப் போய் சைட் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. "நான் திருப்பினேனே அப்பா" என்றாள்.

பிறகு இறங்கிப் போய் தார் ரோட்டில் நாலு கோடு இருப்பதைக் காட்டினேன். பூட்டிய சக்கரம் திரும்பாது, காலைக் கொஞ்சம் விட்டால்தான் உருளும், உருண்டால்தான் திரும்பும். மறுபடி, மறுபடி. ஏழாவது தடவை மிதித்து, விட்டு, ஒடித்து, மிதித்தாள். வண்டி கல்லைச் சுற்றிக்கொண்டு போய் நின்றது. அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை, இன்னும் ஐந்து தடவை செய்தாள். எனக்குத்தான் வயிற்றைப் புரட்டியது.

நேற்று சாயங்காலம் பார்த்தால் பிரிட்ஜ் காகிதத்தில் இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: மழையில் 40க்கு மேல் இல்லை.

அம்பத்தூர்_அக்கா | 15 ஜூலை

இந்த வரி போதும் எனக்கு. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு நேர் வயரிங் இழுங்கள், மங்கல் போகும். கண்ணாடி மஞ்சளாக இருந்தால் பாலிஷ் போடச் சொல்லுங்கள். ஆயிரத்துச் சொச்சத்தில் இரண்டும் முடியும்.

திருப்பூர்_நூல் | 22 செப்டம்பர்

நான் அவர் மகள். அப்பா லாகின் கொடுத்திருக்கிறார். எல்லோருக்கும் வணக்கம், அம்பத்தூர் அக்காவுக்குத் தனி வணக்கம்.

பெயர் மாற்றி, எஃப்சியும் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ரன்னிங் போர்டைத் தட்டிப் பார்த்தார், வெல்டிங் தாங்கியது. லைசென்ஸ் ஆகஸ்ட் மாதமே வந்துவிட்டது, எட்டு போட்டதில் ஒரு கம்பிகூட விழவில்லை. மீட்டர் இப்போது 1,93,205. தாத்தா நோட்டில் நான் தொடர்ந்து எழுதுகிறேன், பச்சை பேனா கிடைக்காததால் நீலம்.

ஒரு சந்தேகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்னாடி இடது பக்கம் கீச்சென்று ஒரு சத்தம், ஏசி போட்டால் இன்னும் அதிகம். பத்து நிமிடத்தில் நின்றுவிடும். அப்பா "பெல்ட் வாஷர்" என்று ஏதோ சொல்கிறார், அவர் சொல்வதை நம்பலாமா?

பட்டறை_மணி | 22 செப்டம்பர்

வாம்மா. அப்பாவுக்குப் பாதிதான் தெரியும். அது வெளியே ஓடும் ஃபேன் பெல்ட் சத்தம், டைமிங் பெல்ட் இல்லை, பயப்படாதே. நாளைக் காலையில் சத்தம் வரும்போது இன்ஜின் ஓடட்டும். கையையும் துப்பட்டாவையும் தள்ளி வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து பாட்டிலால் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சு. சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

திருப்பூர்_நூல் | 23 செப்டம்பர்

தண்ணீர் பட்டதும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது.

பட்டறை_மணி | 23 செப்டம்பர்

அப்போ டென்ஷன்தான். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். ஒரு விரல் கட்டைக்கு மேல் உள்ளே போனால் ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி இழுக்க வேண்டும். 12 ஸ்பானர் வீட்டில் இருக்கிறதா?